சாவியின் ஐந்தாவது பல்

பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, செல்போன் ரீசார்ஜ் கடையின் பின்னறையில், கில்பர்ட் பதினாறு வருஷமாகப் பச்சை குத்துகிறார். பலகையில் டாட்டூ என்று எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் பச்சைதான். வயது நாற்பத்தாறு, பார்த்தால் இன்னும் பத்து கூட்டிச் சொல்லலாம். குனிந்தே இருந்து கழுத்து முன்னால் வந்துவிட்டது. மெஷின் பிடித்த விரல்கள் வீட்டில் சோறு பிசையும்போதும் நடுங்குவதாக அவருக்குத் தோன்றும். இதை யாரிடமும் சொல்லமாட்டார். பிறர் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அவருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஊசி இறங்கினால் மனிதர்களுக்கு வாய் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லாததை எல்லாம் அந்த ரெக்சின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார்கள். எந்த அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை, எவன் இன்னும் எவளை நினைத்துக்கொண்டிருக்கிறான், எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை பாடத்தில் கோட்டை விட்டது, எல்லாம் கில்பர்ட்டுக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? "ம்" என்பார். துடைப்பார். மறுபடி ஊசியை வைப்பார். அந்த "ம்" போடுவதில் ஒரு இரக்கம் இருப்பதாக ஊரில் பேச்சு. உண்மையில் அது அசதிதான்.

பதினேழு வயதில் விசைப்படகில் ஏறியவர், முப்பதில் முதுகுத்தட்டு விலகி இறங்கினார். அந்த வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நேர்ச்சை செலுத்தப் போனார். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருவர் பேட்டரியில் மெஷின் ஓட்டிப் பச்சை குத்திக்கொண்டிருந்தார். கில்பர்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர், கொடி இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இடுப்பை அசைக்காமல் பார்க்கக்கூடிய வேலை என்று உலகத்தில் ஒன்று இருக்கிறதே என்ற ஆறுதல்தான் காரணம். கலைத்தாகம் அது இது என்று ஒரு மண்ணும் கிடையாது.

கடை போட்டதும் முதலில் வந்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். கையில் பேர் வேண்டும் என்றார்கள். கடல் ஒருத்தனைக் கொண்டுபோய் எங்கேயாவது ஒதுக்கினால் முகம் மிஞ்சாது. மேல்தோல் போனாலும் பச்சை உள்ளே நிற்கும். வீட்டுக்காரர்கள் தேடி அலைய வேண்டாம். ஆனால் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பேரை எழுதிக்கொண்டு கடலில் இறங்குவது, இந்தா எடுத்துக்கொள் என்று விலாசம் கொடுக்கிற மாதிரி இருக்கிறதாம். பேரும் கூடாது, அடையாளமும் வேண்டும். என்ன செய்யலாம் என்ற யோசனையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நின்றவருக்கு எதிரே தலைமைச் சீடர் இராயப்பரின் சுரூபம். அவர் கையில் மோட்சத்தின் திறவுகோல். இராயப்பரும் வலை இழுத்தவர்தானே, நம்ம ஆள்தானே என்று கில்பர்ட்டுக்குப் பட்டது.

அந்தச் சாவியைத்தான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறார். பீரோச் சாவி, பைக் சாவி எல்லாம் தோலில் எடுபடாது, தட்டையாகக் கிடக்கும். பழைய மரக்கதவுச் சாவிதான் சரி. தலையில் பூப்போல் ஒரு வளையம், நடுவில் நீளத் தண்டு, நுனியில் பல். வளையம் முழங்கைப் பக்கம், நுனி உள்ளங்கைப் பக்கம். வீடு திரும்புகிறவன் கையை நீட்டினால் சாவிதான் முதலில் போய்க் கதவைத் தொட வேண்டும் என்பது அவர் எண்ணம். பல் எப்போதும் உடம்பைப் பார்த்துத்தான் இருக்கும். சிலர் இரண்டு சாவியைக் குறுக்காகப் போடச் சொல்லி வருவார்கள். "அது பாப்பரசருக்குடா. ஒனக்கு ஒரு வீடுதானே? ஒரு சாவி போதும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டு வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் சாவி என்றால் ஒரு மயக்கம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பெண்ணுக்கு இதய வடிவில் பூட்டும் மாப்பிள்ளைக்குச் சாவியும் கேட்பார்கள். பூட்டு ஏன் எப்போதும் அந்தப் பெண் தலையிலேயே விழுகிறது என்று கில்பர்ட்டுக்கு எரிச்சலாக வரும், கேட்கமாட்டார். ஜெயிலிலிருந்து வந்த ஒருவர் உடைந்த சாவி போதும் என்றார். சிக்கல் ஊரிலிருந்து இராமலட்சுமி என்று ஒரு அம்மாள், இராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார். "பதினெட்டு வருசமா எங்க மாமியா பீரோச் சாவியக் கையில குடுக்கல தம்பி. நீ ஒண்ணு போட்டுவிடு. இத யாரு புடுங்குறான்னு பாக்குறேன்." அன்றைக்கு ஒரு நாள்தான் கில்பர்ட் அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தார்.

பல்லை எண்ணுகிற வழக்கம் வந்தது தனிக்கதை. ஆரம்பத்தில் ஒருத்தன், "ஏண்ணே மூணு பல்லு? ஏன் மூணு?" என்று நச்சரித்தான். கில்பர்ட்டுக்கு அன்று மண்டையிடி.

"ஒன்னைய விட்டா ஒங்க வீட்ல எத்தன பேரு?"

"மூணு."

"அப்பச் சரியாப் போச்சுல்ல. ஒனக்காகக் கதவப் பாத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கு ஒரு பல்லு."

ஆளை அடக்கச் சொன்ன பதில்தான். ஒரு மாதத்துக்குள் அதுவே ஊர்ச் சட்டமாகிவிட்டது. சாவி குத்துகிறவன் வீட்டில் அவனைத் தவிர எத்தனை பேரோ அத்தனை பல். பிள்ளை பிறந்தால் வந்து ஒரு பல் கூட்டிக்கொள்ள வேண்டும். தெருவில் போகிற ஆம்பளையின் கையைப் பார்த்தே பெண்கள் அவன் குடும்பத்தை எண்ணிவிடுவார்கள். எட்டுப் பல் வைத்த ஒருத்தனுக்கு ரம்பம் என்றே பேர் விழுந்துவிட்டது.

இதில் கில்பர்ட் தானாக வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். ஞானஸ்நானம் ஆகாமல் பல் கிடையாது. வயிற்றில் இருக்கும்போதே ஆசைப்பட்டு வருவார்கள். பொறக்கட்டும் என்று அனுப்பிவிடுவார். பிறக்காமல் போய்விட்டால் அந்தப் பல்லை யார் வந்து அழிப்பது?

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை காலை, கடையைத் திறக்கும்போதே டேவிட்ராஜ் வாசலில் நின்றான். இருபத்தெட்டு வயது, வள்ளத்தில் போகிறவன். அப்பா இல்லை. அம்மா லூர்து மேரி கருவாடு விற்கிறவர். ஒரு தம்பி, ஒரு தங்கச்சி, மனைவி ஆஸ்லின். கையில் நாலு பல் சாவி, கில்பர்ட் போட்டதுதான். ஆஸ்லினுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனது தெருவுக்கே தெரியும்.

"அண்ணே, ஒரு பல்லு கூட்டணும்."

"என்னலே, யாரு வந்திருக்கா வீட்டுக்கு?"

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான். "மறுபடி உண்டாயிருக்குண்ணே. யாருக்கும் சொல்லல. எங்கம்மாவுக்கே தெரியாது. அஞ்சு மாசம் தாண்டட்டும், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு ஆஸ்லின் சொல்லிருச்சு."

"அப்ப நீயும் பொத்திக்கிட்டு இரு. பொறந்ததும் வா."

"இல்லண்ணே. ரெண்டு தடவையும் நாம எடமே போட்டு வைக்கலையே. அதான் போயிருச்சோன்னு இருக்கு."

முந்தின இரவு முதுகுவலியில் கில்பர்ட் கண்ணை மூடவில்லை. அவனோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு இல்லை. பதினாறு வருஷம் காப்பாற்றிய விதியை, வேண்டாம் என்று வாதாட முடியாத ஒரே காரணத்துக்காக விட்டுக்கொடுத்தார். உட்காரச் சொல்லி, நாலாவது பல்லுக்கு அடுத்து, நுனியை ஒட்டி, ஐந்தாவதைப் போட்டார். பாதியில் டேவிட்டின் போன் அடித்தது. கை துள்ளியது. பல் மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"சாய்ஞ்சு போச்சே."

"சாயட்டும்ணே. சின்னப்புள்ளதானே."

"ஒரு வாரம் உப்புத்தண்ணி படக்கூடாது, தெரியுமுல்ல?"

"மத்தியானம் வள்ளம் போவுதே."

கில்பர்ட் வாய்க்குள் திட்டிக்கொண்டே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டினார். வந்ததும் ஆஸ்லினுக்குப் பிரித்துக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, சட்டையின் கையை இறக்கி அதை மறைத்துக்கொண்டு டேவிட் போனான்.

வியாழக்கிழமை விடியும்போது சூறைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. நாலு பேரில் இரண்டு பேரை வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கினார்கள். டேவிட்டும் ரீகனும் கிடைக்கவில்லை. ரீகன் டேவிட்டின் வயதுக்காரன், அதே உயரம், அதே கட்டை உடம்பு. வீட்டில் அப்பா இன்னாசி, மனைவி, மூன்று பிள்ளைகள். மூன்று நாள் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது தொண்டியிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு உடல் கரையேறியிருக்கிறது, கையில் சாவி இருக்கிறது, பச்சை குத்தினவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் கில்பர்ட்டை உட்கார வைத்தார்கள். பின்னால் லூர்து மேரி, ஆஸ்லின், இன்னாசி. ரீகன் மனைவியைப் பிள்ளைகளோடு வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். எத்தனை பல் என்று போனில் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. லூர்து மேரியின் ஜெபமாலை முணுமுணுப்பு வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தது. கில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஊரைப் பொறுத்தவரை டேவிட்டுக்கு நாலு, ரீகனுக்கு அஞ்சு. இரண்டு பேருக்குமே அஞ்சு என்பது இந்த வேனில் தனக்கு மட்டும்தான் தெரியும். தன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் ஒரு வீடு இழவு வீடாகும், இன்னொரு வீட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும். இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவும் அலுப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எஸ்.ஐ. யாரையும் பிணவறைக்குள் விடவில்லை. முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார். கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது, ஊரில் எல்லார் கழுத்திலும் கிடப்பதுதான் அது. கையை மட்டும் படம் எடுத்து வைத்திருந்தார். இன்னாசி போனை முதலில் வாங்கினார். ஆள்காட்டி விரலைக் கண்ணாடிக்கு மேலே பிடித்துக்கொண்டு, படாமல், ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." கொஞ்சம் நின்று, "அஞ்சு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லூர்து மேரி போனைப் பிடுங்கிப் பார்த்தார். "எம்புள்ளைக்கு நாலு சார். எங்க வீட்ல நாலு பேருதான் சார்." சொல்லிவிட்டு, சொன்ன வேகத்துக்கே வெட்கப்பட்டவர் மாதிரி, இன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அந்த அழுகையில் பாதி நிம்மதி என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. அதைக் குறை சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை.

எஸ்.ஐ. தாளில் ரீகனின் பேரை எழுதிக்கொண்டார். இன்னாசி தன் போனைத் துழாவி எடுத்து மருமகளின் நம்பரை அழுத்தினார். எஸ்.ஐ. கில்பர்ட்டிடம் படத்தை நீட்டினார். "நீங்கதானே போட்டது? ஒரு தடவ பாத்து உறுதிப்படுத்திருங்க."

கில்பர்ட் பார்த்தார். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. நுனியை ஒட்டின பல் மணிக்கட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது.

நிமிர்ந்தபோது ஆஸ்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் தோளுக்கு மேலாக அவளும் படத்தைப் பார்த்திருக்கிறாள். தினமும் பிடித்த கை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. அவள் அழவில்லை, அவள் முகத்தில் நிம்மதியும் இல்லை. துப்பட்டாவுக்குள் ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. நாலு இருக்க வேண்டிய இடத்தில் அஞ்சு இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? மற்ற யாரும் கவனிக்காதபடி தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினாள். சொல்லாதீங்க என்று கெஞ்சுகிற ஆட்டல்.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அவளுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம், பிள்ளை தங்கி நிற்கிற வரைக்குமாவது புருஷன் எங்கேயோ இருக்கிறான் என்று இருக்கலாம். ஆனால் இன்னாசி இன்னொருவர் மகனைக் கொண்டுபோய்த் தன் மகன் என்று அடக்கம் செய்வார். ரீகனின் மனைவி இன்றைக்கே தாலியைக் கழற்றுவாள். அதற்குப் பிறகு ரீகனை யாரும் தேடமாட்டார்கள். டேவிட் வேறொருவன் பேர் எழுதின சிலுவைக்குக் கீழே கிடப்பான், அவன் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கிழவியாவார். இந்தக் கையை வேறு யாராவது குத்தியிருக்கக் கூடாதா என்று கில்பர்ட்டுக்கு ஆத்திரமாக வந்தது. ஊரார் ரகசியங்களை எல்லாம் "ம்" போட்டே தள்ளியவருக்கு இதைத் தள்ள வழி தெரியவில்லை.

இன்னாசியின் போனில் அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது.

"மாமா, போனை வைங்க" என்றார் கில்பர்ட். "இது ரீகன் இல்ல."

இன்னாசிக்கு விளங்கவில்லை. கில்பர்ட் குனிந்து அவர் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தார். லூர்து மேரிக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து வந்து கில்பர்ட்டின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"என்ன தம்பி பேசுற? நீதானே குத்துன? நாலுதானே குத்துன?"

"நாலுதாங்க்கா குத்துனேன். புதன்கிழம காலைல வந்து ஒண்ணு கூட்டிட்டுப் போனான்."

"யாருக்குக் கூட்டுனான்? எங்க வீட்ல அஞ்சாவது ஆளு யாரு இருக்கா? சொல்லு. யாரு இருக்கா?" சட்டையைப் பிடித்து உலுக்கினார். பொத்தான் ஒன்று தெறித்தது. இது அவர் சொல்ல வேண்டியது இல்லை. ஆஸ்லின் பக்கம் பார்க்கவும் அவருக்குத் துணிவில்லை.

"அத்த, அவர விடுங்க." ஆஸ்லின் கிட்டே வந்தாள். மாமியாரின் ஒரு கையைச் சட்டையிலிருந்து எடுத்து, தன் வயிற்றில் வைத்தாள். "இங்கன இருக்கு."

லூர்து மேரி மருமகளின் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கேட்டபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"எத்தன மாசம்?"

"மூணு முடியப் போவுது."

"அப்ப ஏன் நிக்கிற? ஒக்காரு. மொதல்ல ஒக்காரு."

தோளைப் பிடித்து அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். முதுகுக்குப் பின்னால் தன் பையைச் சுருட்டி வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடிக்க வைத்தார். அதற்கெல்லாம் பிறகுதான் சுவரோடு சரிந்து, "எஞ்சாமி, டேவிட்டே" என்று கத்தினார். அந்தச் சத்தத்தைக் கில்பர்ட்டால் அங்கே நின்று கேட்க முடியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பல் வைத்தது தன் தப்பா, வைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று மனசு ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. வைக்காமல் இருந்திருந்தால் யாரும் யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம். நாலு என்று எண்ணி, தன் மகன்தான் என்று லூர்து மேரியே சொல்லியிருப்பார். யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. கடைக்குப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது.

இன்னாசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் செத்துப் பிழைத்த மாதிரி ஒரு கால் மணி நேரம் அவருக்கு. சந்தோஷப்படவும் முடியாது, அழவும் முடியாது.

"மாப்ள" என்றார். "எம்மவனுக்கு அஞ்சுதானே?"

"அஞ்சுதான் மாமா."

"நமக்குத் தெரியாம எதும் கூட்டலையே?"

"இல்ல மாமா."

"எதுவும் சாய்ஞ்சு கீய்ஞ்சு இருக்குமா? வளையத்துல பூவு எப்படிப் போட்ட? எனக்குக் கண்ணு வேற சரியில்ல. எண்ணி எண்ணி ஏமாந்து போறேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அடுத்து போன் வந்தா நாந்தானே வரணும். ஒன்னையும் இன்னொரு தடவ இதுக்கு அலைய விடக்கூடாது பாரு."

கில்பர்ட் எழுந்தார். உள்ளே போய் எஸ்.ஐ.யிடம் பேனா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெரியவரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பி, ரீகனின் சாவியை வளையத்திலிருந்து வரைய ஆரம்பித்தார். பல் வரும்போது இன்னாசியே எண்ணிக்கொண்டார்.